விரல் வலி: தேய்மானமா, முடக்குவாதமா?

இந்த எபிசோடை உங்க அம்மா, அப்பாவை மனசுல வச்சுக்கிட்டு கேளுங்க. "வயசானா கை வலிக்கத்தான் செய்யும்"னு வீட்டுல சுலபமா சொல்லிடுவோம். ஆனா விரல் மூட்டு வலியில ரெண்டு முக்கியமான வகை இருக்கு. ஒண்ணு ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ், அதாவது மூட்டுத் தேய்மானம். இது மெதுவா நகரும். இன்னொண்ணு ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், அதாவது முடக்குவாதம். இது 30, 40 வயசுலயும் வரும். சீக்கிரம் மருந்து தொடங்கலைன்னா மூட்டு நிரந்தரமா சிதையலாம். அதனால எது எதுன்னு பிரிச்சுப் பார்க்கறதுதான் முதல் வேலை.

முதல்ல இடம். தேய்மானம் பெரும்பாலும் நகத்துக்குப் பக்கத்து மூட்டு, விரலோட நடு மூட்டு, கட்டைவிரலோட அடி மூட்டு, இந்த மூணுலதான் வரும். நகத்துக்குப் பக்கத்துல பட்டாணி மாதிரி கெட்டியான புடைப்பு தெரியும். 18-ம் நூற்றாண்டு ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் பேரால, இதுக்கு ஹெபர்டன் முடிச்சுன்னு பேரு. முடக்குவாதமோ, முஷ்டியை மடக்கினா மேல எழும்பற பெரிய கணுக்களையும் மணிக்கட்டையும் அதிகமா பிடிக்கும். வீக்கம் தொட்டா மெத்துனு இருக்கும், பெரும்பாலும் ரெண்டு கையிலயும்.

அடுத்தது நேரம். காலையில விரல் இறுக்கம் அரை மணி நேரத்துக்குள்ள விட்டுட்டா, தேய்மானமா இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு மணி நேரம் தாண்டினா, தள்ளிப்போடாம ருமட்டாலஜிஸ்ட்டைப் பாருங்க.

தேய்மானத்தை டாக்டர் கையைப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிடுவார். எக்ஸ்ரே எடுத்தா, எலும்புகளுக்கு நடுவுல இடைவெளி குறைஞ்சு, ஓரத்துல எலும்பு முளைச்சிருக்கும். முடக்குவாத சந்தேகம்னா ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி-சிசிபி ரத்தப் பரிசோதனை. ஒரு எட்ஜ் கேஸ்: ஆள்காட்டி விரல், நடுவிரலோட பெரிய கணுவுலயே தேய்மானம் வந்தா, உடம்புல இரும்புச்சத்து அதிகமா சேருதான்னு ஃபெரிட்டின் பார்க்கச் சொல்லலாம்.

சரி, தேய்மானம்தான்னு உறுதியாயிடுச்சு. என்ன பண்றது? தேய்ஞ்ச குருத்தெலும்பைத் திரும்ப வளர வைக்கற மருந்து இன்னும் இல்லை. ஆனா வலியைக் குறைச்சு, கையை வேலை செய்ய வைக்கலாம். டைக்ளோஃபெனாக் ஜெல்லில் தொடங்கலாம். வலி மாத்திரையைவிட வயித்துக்கும் சிறுநீரகத்துக்கும் ஆபத்து குறைவு. வெதுவெதுப்பான தண்ணியில கையை வச்சு விரலை மெதுவா மடக்கி நீட்டணும். கட்டைவிரல் அடியில வலின்னா ஸ்ப்ளின்ட் உதவும். ரொம்ப முத்தினா மட்டும்தான் ஆபரேஷன். பி.பி., சிறுநீரகப் பிரச்சினை இருக்கறவங்க டாக்டரைக் கேட்காம வலி மாத்திரை போடவே கூடாது. துணி பிழியறது, இறுக்கமான மூடி திறக்கறது, இதெல்லாம் இனி உங்க வேலை.

சொடக்கு எடுத்தா இது வருமா? அமெரிக்க டாக்டர் டொனால்ட் உங்கர் 60 வருஷத்துக்கு மேல இடது கையில மட்டும் சொடக்கு எடுத்துப் பார்த்தார். எந்தக் கையிலயும் ஆர்த்ரைட்டிஸ் இல்லை. 2009-ல இக் நோபல் பரிசே கிடைச்சுது. ஒரே ஆளோட கணக்குதான். ஆனா பல பேரை வச்சு நடந்த ஆய்வுகளும் ரெண்டுக்கும் தொடர்பு காணலை.

இன்னிக்கு வீட்டுக்குப் போனதும், காலையில கை எவ்வளவு நேரம் இறுக்கமா இருக்குன்னு அம்மாகிட்ட ஒரு தடவை கேளுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்!