டேப்பில் வந்த விளையாட்டு – 9: பத்திரிகை அடித்துவிட்டுப் பெண் தேடியவர்கள்

இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் 1982 ஏப்ரலில் 125 பவுண்டு விலையில் அறிமுகமானதைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்தச் சின்னக் கறுப்புப் பெட்டி பிரிட்டன் வீடுகளுக்குள் நுழைந்ததும் அதற்குத் தீனி போட ஆள் தேவைப்பட்டது. தீனி என்றால் கேசட். பாட்டுக் கேட்கும் அதே கேசட்டில்தான் விளையாட்டும் வரும். டேப் ரிக்கார்டரை ஓடவிட்டால் காதைக் கிழிக்கும் கீச்சொலியோடு சில நிமிடங்களில் கம்ப்யூட்டரின் நினைவகத்தில் ஏறிவிடும்.

லிவர்பூலில் துறைமுக வேலைகள் வற்றிக்கொண்டிருந்த காலம் அது. முந்தைய வருடம்தான் டாக்ஸ்டெத் பகுதி கலவரத்தில் எரிந்திருந்தது. அந்த ஊரில் பக்-பைட் என்ற கேசட் கம்பெனியில் இருந்த மார்க் பட்லர், டேவிட் லாசன் என்ற இரு இளைஞர்கள் தனிக்கடை போட்டார்கள். பெயர், இமேஜின் சாஃப்ட்வேர். லாசன் எழுதிய முதல் விளையாட்டு ‘ஆர்கேடியா’. வானத்தில் வரும் எதிரிகளைச் சுட்டுத் தள்ள வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அது பிய்த்துக்கொண்டு போனது. கேசட் ஐந்தரை பவுண்டு. பதிந்து பெட்டியில் போட ஆகும் செலவு அதில் சிறு பங்குதான்.

பணம் வந்த வேகத்தில் பந்தாவும் வந்தது. பளபளப்பான அலுவலகம், விலை உயர்ந்த கார்கள், மோட்டார் சைக்கிள் பந்தய அணி. விளம்பரப் பொறுப்பு ப்ரூஸ் எவரிஸ் கையில். லிவர்பூலில் கம்ப்யூட்டர் கடை நடத்தி அனுபவப்பட்டவர். யூஜின் எவான்ஸ் என்ற பதின்ம வயதுப் பையன் புரோகிராம் எழுதி வருடத்துக்கு 35,000 பவுண்டு வாங்குகிறான் என்று பத்திரிகைகள் எழுதின. வாங்கினானோ இல்லையோ, நாட்டில் பாதிப் பையன்கள் அன்றிரவு தூங்கியிருக்க மாட்டார்கள்.

1983 கிறிஸ்துமஸ் வந்தது. போட்டிக் கம்பெனிகளுக்கு இடமே கிடைக்கக் கூடாதென்று கேசட் நகலெடுக்கும் ஆலைகளை இமேஜின் முன்கூட்டியே வளைத்துப் போட்டதாகச் சொல்வார்கள். ஆனால் அடித்துக் குவித்த சரக்கு அந்த அளவுக்கு விற்கவில்லை. போதாததற்கு, இரண்டு டேப் ரிக்கார்டர் இருந்தால் எந்தப் பையனும் நண்பனுக்கு ஒரு நகல் போட்டுக் கொடுத்துவிடலாம்.

இதற்கு அவர்கள் கண்ட மருந்துதான் ‘மெகா கேம்’. ‘பேண்டர்ஸ்னாட்ச்’, ‘சைக்ளாப்ஸ்’ என்று இரண்டு. கேசட்டோடு, கம்ப்யூட்டரின் பின்னால் செருகும் ஒரு சாதனமும் வரும். ஸ்பெக்ட்ரத்தின் குறுகிய நினைவகம் விரியும். சாதனம் இல்லாமல் கேசட்டை மட்டும் நகலெடுத்துப் பயனில்லை. கெட்டிக்கார யோசனைதான். ஆனால் விலை சுமார் 40 பவுண்டு. ஸ்பெக்ட்ரம் விலையில் மூன்றில் ஒரு பங்கு! பிள்ளையின் விளையாட்டுக்கு எந்த அப்பா எடுத்துக் கொடுப்பார்?

அதைவிடப் பெரிய சிக்கல், விளையாட்டே தயாராகவில்லை. முதலாவது அரைகுறை, இரண்டாவது பெரும்பாலும் காகிதத்தில். விளம்பரங்கள் மட்டும் முழுப் பக்கத்தில் வந்துகொண்டிருந்தன. கல்யாணப் பத்திரிகை அடித்து ஊரெல்லாம் கொடுத்துவிட்டு, அப்புறம் பெண் தேடிப் புறப்பட்ட கதை.

இந்த நேரம் பார்த்து, வளரும் தொழிலைப் படம்பிடிக்க பிபிசி குழு வந்து சேர்ந்தது. எடுக்க வந்தது வெற்றிக் கதை. கேமராவில் பதிவானது அமீனாக்கள் வந்து கதவை அடைத்தது. 1984 ஜூலை 9 அன்று லண்டன் உயர் நீதிமன்றம் கம்பெனியைக் கலைக்க உத்தரவிட்டது. வழக்குப் போட்டது யார் தெரியுமா? கேசட் ஆலைக்காரர் அல்ல, வங்கி அல்ல. விளம்பரம் வெளியிட்ட பத்திரிகை நிறுவனம். பாக்கி சுமார் 10,000 பவுண்டு. பத்திரிகைகளின் கணக்கை நம்பினால், அந்தப் பையனின் நாலு மாதச் சம்பளத்தைவிடக் குறைவு.

எழுதத் தெரியாமல் இவர்கள் விழவில்லை. லாசனும் நிதி பார்த்த இயன் ஹெதரிங்டனும் அடுத்துத் தொடங்கிய சைக்னோசிஸ், பேண்டர்ஸ்னாட்ச்சின் மிச்சத்தை ‘ப்ரடாக்கஸ்’ என்று வெளியிட்டது. 1991இல் ‘லெமிங்ஸ்’ கொண்டுவந்தது. 1993இல் சோனியே அதை விலைக்கு வாங்கியது.

இமேஜின் என்ற பெயரை மட்டும் வாங்கிப்போனது, பக்கத்து ஊர் மான்செஸ்டரின் ஓஷன். கேசட் மேல் அந்தப் பெயர் பிறகும் பல வருடம் வந்துகொண்டிருந்தது. விளம்பரத்துக்காகக் கொட்டிய பணத்தில் கடைசியில் மிஞ்சியது அதுதான்.

சினிமாப் பெயர்களை வாங்கி விளையாட்டாக்கி விற்ற அந்த மான்செஸ்டர்காரர்களை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)