தேரிக்கு கேட் கிடையாது: தனியா மணல்காட்டுக்குப் போறவங்களுக்கு

பள்ளிபாளையத்துல இருந்து பேசுறேன். பின்னாடி தறிச் சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க.

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட ஒரே கேள்வி: “நமீபியாவுல வண்டி வாடகைக்கு எடுத்து, கைடு இல்லாம ஸ்கெலிட்டன் கோஸ்ட் போகலாமா?” போகலாம். ஆனா அதுக்கு முன்னாடி நம்ம ஊர்லயே ஒரு கடலோர மணல்காட்டுல ஒருநாள் நடந்து பாருங்க. தூத்துக்குடி மாவட்டத்துல, திருச்செந்தூர் பக்கத்துல இருக்கிற குதிரைமொழித் தேரி. இன்னைக்கு அதைப் பத்தித்தான் பேசப் போறோம்.

முதல்ல ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். தேரி நிஜமான பாலைவனம் கிடையாது. அந்த மாவட்டத்துல வருஷத்துக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழை பெய்யுது. நமீபியாவோட கடற்கரை ஊர் ஸ்வகோப்முண்ட்ல 20 மில்லிமீட்டர்கூட தேறாது. அங்கே பெங்குவேலாங்கிற குளிர்ந்த கடல் நீரோட்டம் கரையை ஒட்டி ஓடுது. அதனால பனிமூட்டம் வரும், மழை வராது. நம்ம தேரி காத்து குவிச்ச மணல். தென்மேற்குப் பருவக்காத்து மலையைத் தாண்டும்போதே மழையைக் கொட்டிட்டு, இந்தப் பக்கம் வறண்ட காத்தா இறங்குது. ஆடி மாசம் அது மணலை அள்ளி வீசும். மணல் துகள்மேல இரும்பு ஆக்சைடு படிஞ்சிருக்கிறதால செக்கச்செவேல்னு இருக்கு.

போற வழி சுலபம். ஈரோட்டுல மதியம் கிளம்புற செங்கோட்டை ரயிலைப் பிடிச்சா ராத்திரி திருநெல்வேலி. அங்கிருந்து திருச்செந்தூருக்கு ரயிலும் இருக்கு, பஸ்ஸும் இருக்கு. அப்புறம் காயாமொழி வரைக்கும் பஸ், இல்லைன்னா ஆட்டோ. இவ்வளவு சுலபமா இருக்கிறதுதான் ஆபத்தே.

நானும் என் நண்பனும் ஒரு மே மாசம் போனோம். அருஞ்சுனை காத்த அய்யனார் கோவில்ல கும்பிட்டுட்டு, காலை பத்தரைக்கு மணலுக்குள்ள இறங்கினோம். ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு லிட்டர் தண்ணி. “ஒரு மணி நேரம் நடந்துட்டு, வந்த கால்தடத்தைப் பாத்தே திரும்பிடலாம்”னு கணக்கு. திரும்பிப் பாத்தா தடமே இல்ல. காத்து அழிச்சிடுச்சு. எந்தப் பக்கம் பாத்தாலும் ஒரே மாதிரி செம்மேடு, ஒரே மாதிரி பனை, உடைமரம். போன் சூடாகி அணைஞ்சிடுச்சு. பன்னெண்டரை மணிக்குத் தண்ணி தீர்ந்தது. நண்பன் பேசறதை நிறுத்திட்டான். அப்பதான் எனக்கு நிஜமா பயம் வந்துச்சு.

ஒரு பனையேறி அண்ணாச்சி எங்களைப் பாத்துட்டு, விடிலிக்குக் கூட்டிட்டுப் போனார். விடிலின்னா பதநீர் காய்ச்சுற ஓலைக்குடிசை. தண்ணி குடுத்துட்டு அவர் கேட்டது இன்னும் காதுல இருக்கு: “எய்யா, நீங்க உள்ள இருக்கியன்னு வெளிய யாருக்காச்சும் தெரியுமா?” யாருக்கும் தெரியாது. வீட்ல மதுரை போறோம்னு சொல்லியிருந்தோம்.

இந்தக் கேள்வியை நமீபியாவுல வனப்பூங்கா கேட்டே கேக்குது. ஸ்கெலிட்டன் கோஸ்ட் பூங்காவை ஒரே நாள்ல கடந்து போறவங்க மதியம் 3 மணிக்குள்ள கேட்டுக்கு வந்து அனுமதிச் சீட்டு வாங்கணும். இருட்டறதுக்குள்ள அந்தப் பக்கம் வெளியேறிடணும்ங்கிறதுக்காகத்தான் இந்த நேரக் கட்டுப்பாடு. அந்தக் கரை அப்படி. 1942-ல டுனெடின் ஸ்டார்ங்கிற கப்பல் அங்கே தரைதட்டுச்சு. காப்பாத்தப் போன இழுவைக் கப்பலும் கரையில மோதிடுச்சு, உதவிக்குப் போன விமானம் மணல்ல சிக்கிடுச்சு. உதவிக்குப் போறவங்களுக்கே அந்த நிலைமை.

தேரிக்கு அப்படி கேட் இல்ல. அதனால கேட் செய்யற வேலையை நீங்களேதான் செய்யணும்.

ஒண்ணு, கோவில் பூசாரிகிட்டயோ டீக்கடையிலயோ “இத்தனை மணிக்குத் திரும்பிடுவோம்”னு சொல்லிட்டுப் போங்க. வந்ததும் தலையைக் காட்டுங்க.

ரெண்டு, திரும்புற நேரத்தைக் கிளம்புறப்பவே முடிவு பண்ணுங்க. இளகின மணல்ல நடக்கக் கெட்டித் தரையைவிட ரெண்டு மடங்குக்கு மேல சக்தி செலவாகும். அதனால தண்ணி பாதி தீர்ற வரைக்கும் உள்ள போகாதீங்க. மூணுல ஒரு பங்கு தீர்ந்ததும் திரும்புங்க.

மூணு, கால்தடத்தை நம்பாதீங்க. காலையில சூரியன் கடல் பக்கம் இருக்கும்ங்கிறதை மனசுல வச்சுக்கோங்க. கோவில் இருக்கிற இடத்தைப் போன்ல குறிச்சு, நெட் இல்லாமலும் தெரியற மாதிரி மேப்பை இறக்கிக்கோங்க. போனை வெயில் படாம துணியில சுத்தி வைங்க.

நாலு, சித்திரை, வைகாசி வேண்டாம். ஜனவரி, பிப்ரவரி நல்லது. அதுலயும் காலை ஒன்பது மணிக்குள்ள நடையை முடிச்சிடுங்க. தேரியில பெரும்பகுதி வனத்துறையோட காப்புக்காடு. ராத்திரி தங்கறது, தீ மூட்டறதெல்லாம் கேக்காம செய்யாதீங்க.

இதே பழக்கம்தான் நமீபியாவுக்கும். அங்கே தண்ணியோட ரெண்டு ஸ்டெப்னி டயரும் சேர்த்துக்கோங்க. சரளைச் சாலையில வேகம் வேண்டாம். வண்டி நின்னுட்டா வண்டியை விட்டு நடக்காதீங்க. தேடி வர்றவங்க கண்ணுக்கு மனுஷனைவிட வண்டிதான் முதல்ல தெரியும்.

அந்த அண்ணாச்சிகிட்ட கிளம்புறப்போ காசு நீட்டினோம், வாங்கல. கருப்பட்டி வேணும்னா வாங்கிட்டுப் போங்கன்னார். ரெண்டு கிலோ வாங்கினோம். நீங்க போனாலும் வாங்குங்க. அப்படியே, கிளம்புறதுக்கு முன்னாடி வீட்ல எங்க போறோம்னு உண்மையைச் சொல்லிட்டுப் போங்க.

அடுத்த வாரம் பேசலாம்ங்க.