எரியும் கன்னம், தெரியாத சிவப்பு

டீ கொஞ்சம் ஆறட்டும் அக்கா. உங்கள் கன்னம் திகுதிகுவென்று எரிவதற்குத் தேயிலை காரணமில்லை. டீயின் சூடுதான் முகத்து ரத்தக்குழாய்களை விரிய வைக்கிறது. அமெரிக்கச் செவிலியர்கள் 82,000 பேருக்கு மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் கவனித்து 2018-ல் வெளியிட்ட ஆய்வில், காஃபின் உள்ள காபி குடித்தவர்களிடம் இப்படி முகம் எரியும் நோய் குறைவாகவே இருந்தது. அதனால் டீயை விட வேண்டாம், ஆற்றிக் குடியுங்கள்.

நோயின் பெயர் ரோசேசியா. கன்னம், மூக்கு, நெற்றி, முகவாய் என்று முகத்தின் நடுவில் வரும். பெரும்பாலும் 30 வயதுக்கு மேல்தான். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. வெள்ளைத் தோலில் சிவப்பு பளிச்சென்று தெரியும். நம் மாநிறத்திலும் கறுப்பிலும் அது ஒளிந்துகொள்ளும், பழுப்பாகவோ கருஞ்சிவப்பாகவோதான் தென்படும். அதனால் நிறத்தை நம்பாதீர்கள், உணர்வைக் கேளுங்கள். சென்னை காசிமேட்டு வெயிலில் மீன் கூடையோடு உட்கார்ந்தால் கன்னம் சூடேறிக் குத்துகிறதா? எப்போதும் போடும் சோப்பே எரிகிறதா? பரு மாதிரி இருந்தும் கரும்புள்ளி இல்லையா? கண்ணில் மணல் விழுந்ததுபோல உறுத்தல், அடிக்கடி கண்கட்டி? கண்ணுக்கு வந்தால் தள்ளிப்போடவே கூடாது, கருவிழி வரை பாதிக்கலாம். கன்னச் சிவப்போடு மூட்டுவலி, வாய்ப்புண் இருந்தால் அது லூபஸ் என்ற வேறு நோயாக இருக்கலாம். அதற்கும் டாக்டர்தான்.

சிலருக்கு, ஆண்களுக்குத்தான் அதிகம், மூக்கு தடித்துப் போகும். அப்படிப்பட்டவரைப் பார்த்ததும் குடிகாரர் என்று முடிவு கட்டுகிறோம். குடி முகச் சிவப்பைத் தூண்டும், உண்மைதான். ஆனால் ஒரு சொட்டுகூடத் தொடாதவருக்கும் இது வருகிறது.

எனக்குப் பெரிய கவலை மருந்துக்கடை ட்யூப்தான். பரு என்று சொன்னதும் பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் கலந்த க்ரீம் கைக்கு வந்துவிடுகிறது. எல்லாம் ஸ்டீராய்டு. ரத்தக்குழாயைச் சுருக்குவதால் இரண்டே நாளில் முகம் தெளிந்து, வெளுத்தும் தெரியும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், நரம்பு மாதிரிக் கோடுகள் எட்டிப் பார்க்கும், கொப்பளம் கிளம்பும். நிறுத்தினால் முன்பைவிட எரியும். அந்த எரிச்சலுக்குப் பயந்து மறுபடி அதையே பூசுவோம். இந்தியாவில் 12 மையங்களில் முகத்தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரைப் பார்த்து 2011-ல் வெளியான ஆய்வில், 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். பாதிக்கு மேற்பட்டோருக்கு அதைச் சொன்னது டாக்டரே இல்லை. 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று ஆணையிட்டது. ஆனாலும் பக்கத்து வீட்டு ட்யூப் கை மாறிக்கொண்டுதான் இருக்கிறது. நெடுநாள் பூசியிருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள். எப்படி விடுவது என்று டாக்டர் சொல்வார். விட்ட பிறகு சில வாரம் முகம் மோசமாகும், அதைத் தாங்கித்தான் ஆக வேண்டும்.

இது முற்றிலும் போகிற நோய் இல்லை, அடக்கி வைக்கலாம். மெட்ரோனிடசோல் ஜெல், அசெலாயிக் அமிலம், ஐவர்மெக்டின் க்ரீம் இருக்கின்றன. கொப்பளம் அதிகமானால் குறைந்த அளவு டாக்சிசைக்ளின் மாத்திரை தருவார்கள், கர்ப்பிணிகளுக்கு ஆகாது. பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் பிடிக்கும்.

வெயிலில் போகாதே, சூட்டில் நிற்காதே என்று எழுதிக் கொடுப்பது சுலபம். மீன் விற்பவரும் திருவொற்றியூர் பட்டறையில் உலை முன் நிற்பவரும் வேலையை விட்டுவிட்டு எங்கே போவார்கள்? முடிந்ததைச் செய்வோம்: அகல விளிம்புத் தொப்பியோ குடையோ, ஜிங்க் ஆக்சைடு கலந்த சன்ஸ்க்ரீன், நடுவே ஈரத்துணியால் ஒற்றிக்கொள்வது. முகத்தைத் தேய்க்க வேண்டாம், எலுமிச்சைச் சாறு வேண்டவே வேண்டாம். காரக்குழம்பு சாப்பிட்டதும் எரிகிறதா என்று கவனியுங்கள். எல்லாருக்கும் எரியாது, எரியாதவர் அதை விட வேண்டியதில்லை.

ராயபுரத்துக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி ஆஸ்பத்திரி. ஓ.பி. சீட்டு போட்டுத் தோல் பிரிவில் காட்டுங்கள். இதுவரை பூசிய ட்யூப் எல்லாவற்றையும் பையில் எடுத்துப் போங்கள், காலியானதையும் சேர்த்து. முகம் எரியும் நேரத்தில் செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். டாக்டர் முன் உட்காரும்போது கன்னம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கலாம்.