இருவாட்சி: வாசலை அடைத்துக்கொள்ளும் பறவை

மாதுங்காவிலிருந்து கோட்டைப் பக்கம் வேலைக்குப் போய்வரும் நம்மவர்கள் பலர், லயன் கேட் எதிரே இருக்கும் ‘ஹார்ன்பில் ஹவுஸ்’ கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். 1883-இல் தொடங்கிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இருப்பிடம் அது. ஹார்ன்பில் என்றால் நம்ம ஊர் இருவாட்சி. பெரிய மஞ்சள் அலகு. அதன்மேல் இன்னொரு அலகைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு கொண்டை. இரண்டு வாய் இருப்பதுபோல் தெரிவதால்தான் இந்தப் பெயர் என்பார்கள்.

கட்டடத்துக்கு அந்தப் பெயர் வரக் காரணம் வில்லியம் என்ற ஒரே ஒரு பறவை. 1894-இல் கார்வாரிலிருந்து மூன்று மாதக் குஞ்சாக வந்து, கழகச் செயலாளராக இருந்த மில்லார்டின் நாற்காலிக்குப் பின்னால் கூண்டில் 26 வருஷம் வாழ்ந்தது. முப்பது அடி தூரத்திலிருந்து டென்னிஸ் பந்தை எறிந்தால் ‘லபக்’கென்று அலகால் பிடிக்குமாம். எரிகிற சுருட்டை ஒருமுறை விழுங்கியும் ஒன்றும் ஆகவில்லை. 1920-இல் அது செத்தபோது கம்பித் துண்டை விழுங்கியதுதான் காரணம் என்றார்கள். நண்பரைப் பிரிந்த ஏக்கம் என்று நினைத்தவர்களும் உண்டு. வில்லியம் தண்ணீரே குடித்ததில்லை என்றும் குறிப்பு இருக்கிறது. காட்டு இருவாட்சிக்கும் பெரும்பாலும் அத்தி, ஆல் பழங்களில் உள்ள நீரே போதும்.

நான் பிறந்து வளர்ந்தது வால்பாறையில். அப்பா ஒரு தேயிலை எஸ்டேட்டில் கிளார்க். இருவாட்சி பறப்பதைப் பார்ப்பதற்கு முன்பே சத்தம் கேட்கும். பழைய கரி எஞ்சின் மூச்சு விடுவதுபோல் ‘புஸ்… புஸ்…’ என்று வரும். சிறகின் அடிப்பக்கம் இறகுகளுக்கு இடையே காற்று புகுந்து வெளியேறுவதால் வரும் ஓசை அது. மலையாளிகள் இதை மலமுழக்கி வேழாம்பல் என்கிறார்கள். கேரளத்தின் மாநிலப் பறவை. மலையையே முழங்க வைப்பது என்று பொருத்தமாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அதன் இல்லறம் விசித்திரமானது. தானாக மரத்தைக் குடைய இதற்குத் தெரியாது. வயதான பெருமரத்தில் இயற்கையாக விழுந்த பொந்து வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் தை, மாசி வாக்கில் பெண் பறவை பொந்துக்குள் போய், தன் எச்சத்தையும் பழச் சக்கையையும் குழைத்து வாசலை உள்ளிருந்தே பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவு ஒரு கீறல் மட்டும் மிஞ்சும். உள்ளே ஒன்றோ இரண்டோ முட்டை. பொரிக்க ஏறக்குறைய நாற்பது நாள். அந்தச் சமயத்தில் தாய் தன் சிறகிறகுகளையும் உதிர்த்துவிடும். அதாவது, பறக்கவே முடியாது. ஆண் பறவைதான் தொண்டை நிறையப் பழங்களை விழுங்கிக்கொண்டு வந்து, கீறலின் வெளியே தொற்றி நின்று, ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்து ஊட்டும். இடையிடையே ஓணான், எலி என்று கறிச்சாப்பாடும் உண்டு. குஞ்சு பாதி வளர்ந்ததும் தாய் உடைத்துக்கொண்டு வெளியே வரும். குஞ்சு வாசலைத் திரும்பப் பூசிக்கொள்ளும். அதன்பிறகு இருவருமாக ஊட்டுவார்கள். எல்லாம் முடிய ஏறக்குறைய நாலு மாதம்.

இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டது மும்பைக்கு வந்த பிறகுதான். தெரிந்த அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. 1968-இல், எனக்கு எட்டு வயது. மாசி மாதம், சிவராத்திரி கழிந்த வாரம். லயத்துக்காரர் ஒருவர் நாட்டுத் துப்பாக்கியால் சுட்ட இருவாட்சியைக் கொண்டுவந்தார். கொழுப்பை உருக்கித் தேய்த்தால் மூட்டுவலி போகும் என்று பாட்டிக்காக அப்பாதான் சொல்லி வைத்திருந்தார். கழுத்தை அறுத்தபோது தொண்டையிலிருந்து அத்திப்பழங்கள் உருண்டு விழுந்தன. கடிபடாமல், முழுசு முழுசாக. நானும் தங்கையும் பொறுக்கி விளையாடினோம். அதன் கண் சிவப்பாக இருந்தது நன்றாக நினைவிருக்கிறது. பெண்ணுக்குக் கண் வெள்ளை; சிவப்புக் கண் ஆணுக்கு. எந்த மரத்தில் அது காத்திருந்ததோ.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் வேட்டை குற்றம். ஆனால் துப்பாக்கியை நிறுத்தினால் மட்டும் போதுமா? 1890-களின் கடைசியிலிருந்து தேயிலைக்காக வால்பாறைக் காட்டை வெட்டினார்கள். எங்கள் வீட்டு அடுப்பெரிந்ததும் அந்தச் சம்பளத்தில்தான். பொந்துள்ள பெருமரம் ஒரு நூற்றாண்டில்கூட வளராது. மரம் இல்லாவிட்டால் பறவை இல்லை. பறவை இல்லாவிட்டால் ஜாதிக்காய் இனத்து மரங்கள், கருங்குங்கிலியம் போன்றவற்றின் பெரிய விதைகளைத் தூரத்துக்குக் கொண்டுபோய்ப் போட ஆளும் இல்லை. 2018-இல் உலகப் பட்டியலில் இதை அழிவுக்கு இலக்காகக்கூடிய இனமாக உயர்த்தினார்கள். நல்ல செய்தியும் உண்டு. வாழச்சால் பக்கம், முன்பு குஞ்சு எடுத்த காடர்களே இன்று கூடுகளுக்குக் காவல். அருணாசலத்தில் நிஷி மக்கள் பலர் தலையணியில் நிஜ அலகுக்குப் பதில் ஃபைபர் அலகு வைக்கிறார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் மகளோடு வால்பாறை போனேன். தேயிலைக்கு நடுவே மிச்சமிருந்த சோலைத் துண்டில் ஒரு கூடு. நான் கிட்டே போகப் பார்த்தேன். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா தடுத்தார்: “அங்கிட்டுப் போகாதீங்க சார். ஆள் நின்னா ஆம்பளை வராது. உள்ள இருக்கிறது பட்டினி கிடக்கும்.” ரோட்டுக்குத் திரும்பி வந்து, கல்வெர்ட்டில் உட்கார்ந்து காத்திருந்தோம்.