உங்களுக்குத் தெரியுமா? பள்ளிப் பிள்ளைகளும் குடல் அழற்சியும்

● புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1927இல் சென்னை சட்டசபையின் துணைத் தலைவரானவர். நகராட்சி, உள்ளாட்சிப் பள்ளி மாணவிகளுக்கும் மருத்துவப் பரிசோதனையை விரிவாக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார்.

● இன்று அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கொரு முறை மருத்துவரும் செவிலியரும் அடங்கிய குழு வருகிறது. 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய திட்டம் இது. அவர்கள் தேடும் குறைபாடுகளுக்கு ஒரு பட்டியல் உண்டு. குடல் அழற்சி நோய் அதில் இல்லை, இரத்தசோகை இருக்கிறது. பல பிள்ளைகளிடம் குடல் அழற்சி சோகையாகத்தான் முதலில் தலைகாட்டும்.

● குடல் அழற்சி நோயாளிகளில் சுமார் கால்வாசிப் பேருக்கு 20 வயதுக்குள்ளேயே இது தொடங்கிவிடுகிறது. தொற்றாது. காரம் தின்றதாலும் வருவதில்லை.

● வாராவாரம் இரும்புச்சத்து மாத்திரை, குடற்புழு மாத்திரை எல்லாம் கொடுத்தும் சோகை தீரவில்லை. இரண்டு வருடம் முன்பு தைத்த சீருடை இன்னும் அளவாகவே இருக்கிறது. அப்படிப்பட்ட பிள்ளையைச் செவிலியர் தனியே அழைத்துப் பேச வேண்டும். ராத்திரி தூக்கம் கலைந்து கக்கூஸுக்கு ஓடுகிறாயா? ரத்தம், சளி போகிறதா? வாய்ப்புண், மூட்டுவலி உண்டா? பத்தாம் வகுப்புப் பையன் இதையெல்லாம் அம்மாவிடம்கூடச் சொல்லமாட்டான். போன வருடத்து உயரம், எடையை இந்த வருடத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் அவசியம். குடல் அழற்சியின் ஒரு வகையான கிரோன் நோயில் வயிற்றுவலிக்கு முன்பே வளர்ச்சி நின்றுபோவதுண்டு. என்னைக் கேட்டால், செவிலியர் பயிற்சியில் முதல் பாடமாக வைக்க வேண்டியது இதைத்தான்.

● குடல் காசநோயும் கிரோனும் பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும்; அனுபவமுள்ள மருத்துவர்களே திணறுவார்கள். ஆகவே பள்ளியிலேயே நோய்க்குப் பெயர் சூட்ட வேண்டாம், மருத்துவமனைக்கு அனுப்பினால் போதும். உதாரணமாக, புதுக்கோட்டையில் 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

● இந்நோய்க்குத் தரும் ஸ்டீராய்டு மருந்தால் முகம் உப்பும். கேலிக்கு அஞ்சிப் பிள்ளை அதைத் திடீரென நிறுத்தினால் ஆபத்து. நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுக்கும் பிள்ளையின் வகுப்பில் யாருக்காவது அம்மை போட்டால், அன்றே வீட்டுக்குத் தகவல் போக வேண்டும்.

● கிரோன் வந்த சிறுவர்களுக்கு 6 முதல் 8 வாரம் வரை சத்துப் பானம் மட்டுமே கொடுக்கும் சிகிச்சை உண்டு. அந்த நாட்களில் “ஒரு வாய் சாப்பிடு கண்ணு” என்று சத்துணவுத் தட்டை நீட்டக்கூடாது.

● “மிஸ், போகணும்” என்று இந்நோய் உள்ள பிள்ளை எழுந்தால் மணி அடிக்கும்வரை உட்காரச் சொல்லாதீர்கள், அடக்க முடியாது. பொதுத்தேர்வு அறையிலும் அப்படித்தான். தேர்வுக்கு முன்பே செவிலியர் தலைமையாசிரியரிடம் இதைச் சொல்லி வைக்கலாம்.