உங்களுக்குத் தெரியுமா? மணிக்கட்டு முறிந்தால் ஆபரேஷன் தேவையா?

வழுக்கி விழும்போது நம்மை அறியாமலே கையை ஊன்றிவிடுகிறோம். உடம்பின் பாரம் உள்ளங்கை வழியே ஏறி, முன்கையில் கட்டைவிரல் பக்கம் இருக்கும் ரேடியஸ் எலும்பின் நுனியைத் தாக்குகிறது. ‘மணிக்கட்டு உடைஞ்சிருச்சு’ என்று நாம் சொல்வது பெரும்பாலும் அந்த நுனி முறிவைத்தான்.

முறிந்த நுனி புறங்கைப் பக்கம் சாய்ந்திருந்தால் அதற்கு ‘காலிஸ் முறிவு’ என்று பெயர். டப்ளின் நகர அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் 1814-இல் அதை விவரித்து எழுதினார். எக்ஸ்ரே வந்ததோ 1895-இல். மூட்டு நழுவிவிட்டது என்று பலரும் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், கையைத் தொட்டு அழுத்திப் பார்த்தே மூட்டுக்குச் சற்று மேலே எலும்பு முறிந்திருக்கிறது என்றார் அவர். 1843-இல் அவர் இறந்தபின் உடற்கூறாய்வு செய்த ராபர்ட் வில்லியம் ஸ்மித், 1847-இல் இதற்கு நேர்மாறாக, உள்ளங்கைப் பக்கம் சாயும் முறிவைப் பற்றி எழுதினார். அது இன்று ‘ஸ்மித் முறிவு’.

ஆபரேஷன் வேண்டுமா என்பதை மருத்துவர்கள் அளந்து பார்க்கிறார்கள். எலும்பை இழுத்துச் சரிசெய்த பிறகும் 3 மில்லிமீட்டருக்கு மேல் குட்டையாக இருக்கிறதா? புறங்கைப் பக்கம் 10 டிகிரிக்கு மேல் சாய்ந்திருக்கிறதா? மூட்டுப் பரப்பில் 2 மில்லிமீட்டருக்கு மேல் மேடுபள்ளம் இருக்கிறதா? வேலைக்குப் போகும் வயதினருக்கு இந்த அளவுகள் முக்கியம். 65 வயதைக் கடந்தவர்களில் பலர், எக்ஸ்ரேயில் எலும்பு கோணலாகத் தெரிந்தாலும் கையை நன்றாகவே பயன்படுத்துகிறார்கள்.

மெல்லிய கம்பிகளைத் தோல் வழியே செலுத்தி எலும்பை நிறுத்தும் முறைக்கு வயது நூறுக்கு மேல். ஜெர்மனியின் மார்ட்டின் கிர்ஷ்னர் 1909-இல் கொண்டுவந்த கம்பிதான் இன்றைய ‘கே-வயர்’. நாலு முதல் ஆறு வாரத்தில் அதை உருவி எடுத்துவிடுவார்கள். பெரும்பாலும் மயக்க மருந்துகூடத் தேவைப்படாது.

இன்னொரு வழி, எலும்பின்மேல் பிளேட் வைத்து ஸ்க்ரூ போடுவது. அந்த பிளேட்டை முன்பெல்லாம் புறங்கைப் பக்கம் வைத்தார்கள். அங்கே தசைநாண்கள் எலும்பை ஒட்டியே ஓடுவதால் உராய்ந்து தொல்லை கொடுத்தது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் மயாமியின் ஹோர்ஹே ஓர்பே போன்றவர்கள் அதை உள்ளங்கைப் பக்கத்துக்கு மாற்றினார்கள். ஸ்க்ரூவின் தலை பிளேட்டிலேயே மறையோடு பூட்டிக்கொள்வதால், எலும்பு வலுவிழந்திருந்தாலும் பிடி நழுவாது. தொல்லை இல்லாவிட்டால் அந்த பிளேட்டை எடுக்க வேண்டியதில்லை.

அப்படியானால் பிளேட்தான் சிறந்ததா? பிரிட்டனில் 18 மருத்துவமனைகளில் 461 பேரிடம் இதைச் சோதித்தார்கள். பாதிப்பேருக்குக் கம்பி, பாதிப்பேருக்கு பிளேட். ஓராண்டுக்குப் பிறகு கையின் செயல்பாட்டில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 2014-இல் முடிவு வெளியானது. 2022-இல் வெளியான ஆய்வில் இன்னொரு படி மேலே போனார்கள். எலும்பை இழுத்து நேராக்கிய பிறகு, 500 பேரில் ஒரு சாராருக்குக் கம்பி, மறு சாராருக்கு வெறும் மாவுக்கட்டு. ஓராண்டு முடிவில் இரண்டும் ஏறக்குறைய சமம்! ஆனால் மாவுக்கட்டுப் போட்டவர்களில் எட்டில் ஒருவருக்கு எலும்பு மறுபடி விலகி, பின்னர் ஆபரேஷன் தேவைப்பட்டது. மூட்டுப் பரப்பு சிதறி, இழுத்துச் சரிசெய்ய முடியாத முறிவுகள் இந்த ஆய்வுகளில் சேர்க்கப்படவில்லை. அவற்றுக்குக் கதை வேறு. மற்றபடி, ‘எனக்குக் கம்பியோ மாவுக்கட்டோ போதாதா, டாக்டர்?’ என்று கேட்க எந்த நோயாளியும் கூச்சப்பட வேண்டியதில்லை. நியாயமான கேள்வி அது.

எலும்பு பல துண்டுகளாகச் சிதறியிருந்தால், முன்கையிலிருந்து உள்ளங்கை எலும்புவரை பாலம்போல நீண்ட பிளேட் வைத்து, சில மாதங்களில் எடுப்பார்கள்.

சிலருக்கு, விழுந்த அன்று எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. ஆனால் கட்டைவிரலின் அடியில் உள்ள குழியை அழுத்தினால் வலிக்கும். ஸ்கேபாய்டு என்ற சின்ன எலும்பு உடைந்திருக்கலாம். அதற்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்து முனையிலிருந்து பின்னோக்கிப் பாய்கிறது. நடுவில் உடைந்தால் மறுமுனை ரத்தமின்றிச் செத்துப்போகலாம். ஆகவே, ‘வெறும் சுளுக்குதான்’ என்று எண்ணெய் நீவிக்கொண்டு இருந்துவிட வேண்டாம். வலி நீடித்தால் மறுபடி எக்ஸ்ரேயோ எம்.ஆர்.ஐ. ஸ்கேனோ அவசியம். இந்த எலும்புக்காகவே தலையில்லாத ஸ்க்ரூ ஒன்றை உருவாக்கி 1984-இல் அறிவித்தார் ஆஸ்திரேலியாவின் டிமோத்தி ஹெர்பர்ட். இரு முனைகளிலும் மறையின் இடைவெளி வேறுவேறு. முறுக்க முறுக்க உடைந்த துண்டுகள் ஒன்றையொன்று நெருங்கும்.

ரேடியஸ் எலும்பின் சாதாரண விரிசலிலும் ஒரு சிக்கல் வரலாம். கட்டைவிரலைத் தூக்கும் தசைநாண் சில வாரங்கள் கழித்துத் திடீரென அறுந்துபோகும். அப்போது ஆள்காட்டி விரலை நீட்டும் இரண்டு நாண்களில் ஒன்றைக் கட்டைவிரலுக்கு மாற்றித் தைப்பார்கள். ஆள்காட்டி விரல் மிச்சமிருக்கும் ஒன்றை வைத்தே சமாளித்துக்கொள்ளும்.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய் வலி ஏறிக்கொண்டே போனால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள், நரம்பு நசுங்குகிறது. புத்தூர் கட்டானாலும் மாவுக்கட்டானாலும், விரல்கள் நீலம் பாரித்தால் கட்டை உடனே தளர்த்தியாக வேண்டும்.

எந்தச் சிகிச்சையானாலும், மருத்துவர் தடுக்காதவரை, முதல் நாளிலிருந்தே விரல்களை மடக்கி நீட்ட வேண்டும்.

மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு, நின்ற இடத்திலிருந்து விழுந்ததற்கே மணிக்கட்டு முறிந்தால், அது எலும்புத் தேய்மானத்தின் முதல் அடையாளமாக இருக்கலாம். அம்மாவின் கைக்கு மாவுக்கட்டுப் போட்டுக் கூட்டிவரும்போதே, எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் பற்றியும் கேட்டுவிடுங்கள். இடுப்பெலும்பு முறிவதற்கு முன்பே மருந்து தொடங்க அப்போது வழி இருக்கிறது.