ஒரே போர், இரண்டு பாடங்கள்

அமெரிக்கச் சுதந்திரப் போரைக் கற்பிக்க வாளையார் பகுதிப் பள்ளிகளுக்குப் பக்கத்திலேயே ஒரு கோட்டை இருக்கிறது. தேவை, தமிழில் ஒரு கையேடு.

வாளையாரைத் தாண்டிப் பாலக்காட்டுக்கு விரையும் லாரிகளுக்கு இது வெறும் தேசிய நெடுஞ்சாலை. 18ஆம் நூற்றாண்டில் இந்தக் கணவாய் படைகளின் வழி. மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கி.மீ. அகலமுள்ள இந்த இடைவெளி யார் கையில் இருந்ததோ, கோவைக்கும் மலபாருக்கும் இடையிலான பாதையும் அவர்கள் கையில்தான். 1766இல் ஹைதர் அலி பாலக்காட்டில் கோட்டை கட்டியதன் காரணம் இதுவே.

எல்லையோரத் தமிழ்வழி மாணவர்களுக்கு இந்தக் கோட்டை பஸ்ஸில் போய்வரும் தூரம். ஆனால் வகுப்பறையில் அமெரிக்கச் சுதந்திரப் போர் ஒரு பாடம். மைசூர்ப் போர்கள் வேறொரு பாடம். இரண்டும் ஒரே உலகப் பூசலின் இரு முனைகள் என்பது பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.

1778இல் பிரான்ஸ் அமெரிக்கர்களோடு கைகோத்தது. பதிலடியாக ஆங்கிலேயர் இந்தியாவில் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த இடங்களைக் கைப்பற்றினர். 1779இல் மாஹேயும் விழுந்தது. தமக்கு ஆயுதம் வந்துசேரும் துறைமுகம் பறிபோனதில் கொதித்த ஹைதர், 1780இல் போரில் இறங்கினார். அவர் பெயர் அமெரிக்கா வரை எட்டியது. பென்சில்வேனியாவின் போர்க்கப்பல் ஒன்றுக்கு 'ஹைதர் அலி' என்று பெயர். 1782 ஏப்ரலில் அது 'ஜெனரல் மாங்க்' என்ற ஆங்கிலேயக் கப்பலைப் பிடித்தது.

1783இல் ஐரோப்பாவில் சமாதானம் ஏற்பட்ட செய்தி வந்ததும் கடலூரில் பிரெஞ்சுக்காரர்கள் போரை நிறுத்தினர். திப்பு தனித்துவிடப்பட்டார். அதே நவம்பரில் கர்னல் ஃபுல்லர்டன் பாலக்காட்டுக் கோட்டையைப் பிடித்தார். 1784 மங்களூர் உடன்படிக்கைக்குப் பின் கோட்டை மீண்டும் திப்புவிடம் வந்தது.

கதை அதோடு முடியவில்லை. 1781இல் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் சரணடைந்த காரன்வாலிஸ்தான் 1786இல் இந்தியாவுக்கு கவர்னர் ஜெனரலாக வந்தார். அவர் காலத்தில் 1790இல் கோட்டை மறுபடி ஆங்கிலேயர் வசமானது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் மலபாரே கைமாறியது. அமெரிக்காவை இழந்த தளபதி, இங்கே சாம்ராஜ்யத்தை விரித்தார்.

இதைக் கற்பிக்கப் பெரிய செலவில்லை. ஓர் உலக வரைபடம், இரண்டு பத்தியில் எழுதிய காலவரிசை, ஒரு நாள் கோட்டைச் சுற்றுலா போதும். அகழியையும் கருங்கல் மதிலையும் நேரில் பார்த்தவர்களுக்கு முற்றுகை என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை.

சிக்கல் மொழியில்தான். ஃபுல்லர்டன் 1787இல் வெளியிட்ட நூல் போன்ற மூல ஆதாரங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. 1956 வரை சென்னை மாநிலத்தில் இருந்த இந்தப் பகுதியின் குழந்தைகள், இன்று கேரளப் பாடத்திட்டத்தைத் தமிழில் படிக்கிறார்கள். ஃபுல்லர்டனின் பாலக்காட்டுப் பக்கங்களைத் தமிழாக்கி, ஹைதர் தரப்பு நியாயத்தையும் சேர்த்து ஒரு சிறு கையேடாகத் தந்தால் ஆசிரியர்களின் பாதி வேலை முடிந்துவிடும். சொந்த ஊர் உலக வரலாற்றில் எங்கே இருக்கிறது என்பதை அந்தப் பிள்ளைகள் தங்கள் மொழியிலேயே தெரிந்துகொள்வார்கள்.